தாழ்த்தப்பட்ட பிக்கப் டிரக்கில் காற்றுத் தொங்கலமைப்பு

காற்றுத் தொங்கலமைப்பு என்பது, வாகனத்தின் எடையை எஃகு விற்களுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய ரப்பர் பைகளால் தாங்கும் அமைப்பு ஆகும். பேச்சுவழக்கில் இது ஏர் சஸ்பென்ஷன் எனப்படுகின்றது. இப்பைகள் காற்றுவிற்கள் என்றும் அழைக்கப்படும். விபத்தின்போது விரியும் பாதுகாப்புக் காற்றுப்பையுடன் இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளைத் தாழ்த்தி மறுவடிவமைப்போர் இவ்வமைப்பைப் பெரிதும் விரும்புகின்றனர். நிறுத்தும்போது காற்றை வெளியேற்றி வண்டியைத் தரையோடு படியவிடலாம். ஓட்டும்போது மீண்டும் உயர்த்தலாம். எனினும், எஃகை நீக்கிக் காற்றைப் பொருத்துவதால் மட்டும் பயணம் மென்மையாகிவிடுவதில்லை. இவ்வாறு மாற்றப்பட்ட டிரக்குகள் பல, மாற்றத்துக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலாகக் குலுங்குவதுண்டு.

வரலாறு

ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1930களில் காற்றுவிற்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டது. 1953 இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனது பேருந்துகளில் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1957 இல் வெளிவந்த காடிலாக் எல்டொராடோ புரோம் என்னும் மகிழுந்திலும் இது இடம்பெற்றது. பேருந்துகளில் நிலைத்த இந்நுட்பம், காற்றுக் கசிவு காரணமாக அக்கால மகிழுந்துகளில் நிலைக்கவில்லை. உரிமையாளர் பலர் அதனைக் கழற்றிவிட்டுச் சுருள்விற்களைப் பொருத்திக்கொண்டனர்.

வண்டியைத் தாழ்த்தும் வழக்கம் தனியே வளர்ந்தது. வண்டியின் எப்பகுதியும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இருத்தலாகாது எனக் கலிபோர்னியா மாநிலம் 1950களின் இறுதியில் விதித்தது. இதற்கு விடையாக ரான் அகீரே என்பவர் 1959 அளவில் தமது கார்வெட் வண்டியில் நீரியல் உருளைகளைப் பொருத்தி, வேண்டியபோது உயர்த்தவும் தாழ்த்தவும் செய்தார். பிற்காலத்தில் சிறிய டிரக்குகளைத் தாழ்த்தியோர் அதே வேலைக்குக் காற்றுப்பைகளைக் கையாண்டனர்.

செவ்ரொலே சி10

இம்மாற்றத்துக்கு மிகவும் விரும்பப்படும் வண்டிகளுள் 1963 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரொலே சி10 ஒன்று. இதன் முன்புறத்தில் சுருள்விற்கள் உள்ளன. பின்புறத்தில், டிரெயிலிங் ஆர்ம் எனப்படும் இரு நீண்ட கைகள் அச்சைப் பிடித்திருக்க, அவற்றின் மேல் சுருள்விற்கள் அமர்ந்துள்ளன. சுருள்வில் இருந்த இடத்தில் காற்றுப்பையைப் பொருத்துவது எளிது. 1973 இல் வந்த அடுத்த வடிவத்தில் பின்புறத்துக்குப் பட்டைவிற்கள் கொடுக்கப்பட்டன. பட்டைவில் எடையைத் தாங்குவதோடு அச்சையும் நிலைநிறுத்துவதால், அதனை நீக்குவோர் அச்சைப் பிடிக்கப் புதிய கைகளை அமைத்தாக வேண்டும்.

குலுக்கத்தின் காரணம்

பிக்கப் டிரக்கின் பின்விற்கள் சுமையை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. ஆகையால் வெற்று வண்டி துள்ளும். காற்றுவில்லில் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றலாம் என்பதே அதன் உண்மையான நன்மை. ஆனால் வண்டியை எவ்வளவு தாழ்வாக வைத்து ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே இந்நன்மை கிட்டும்.

காற்றுவில்லின் விறைப்பு, உள்ளிருக்கும் காற்றின் கன அளவுக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. பையின் கன அளவை அதன் பயனுறு பரப்பளவால் வகுத்தால் கிடைப்பதைக் காற்றுத் தூணின் உயரம் எனலாம். பரப்பளவு மாறாது எனவும், பை சக்கரத்துக்கு நேர்மேலே இருப்பதாகவும், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு எனவும் கொள்வோம். தூண் 20 செ.மீ. உயரமாயின் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 1.4 முறை ஆடும். 15 செ.மீ. எனில் 1.6 முறை, 10 செ.மீ. எனில் 2 முறை. வசதியான பயணத்துக்கு இவ்வெண் 1 முதல் 1.5 வரை இருத்தல் நன்று. வண்டியைத் தாழ்த்தத் தாழ்த்தத் தூண் குறுகி, வில் விறைக்கின்றது. இன்னும் தாழ்த்தினால் அச்சு முட்டுரப்பரில் இடிக்கும். அந்நிலையில் வண்டியைத் தாங்குவது காற்றன்று, ரப்பர்க்கட்டையே.

அழுத்தத்தைக் குறைத்தால் வில் மென்மையாகும் என்னும் பரவலான நம்பிக்கை இங்குதான் தவறுகின்றது. சுமை மாறாதபோது அழுத்தம் குறைந்தால் வண்டி தாழும். பை நசுங்கி அதன் பயனுறு பரப்பளவு கூடுவதால் குறைந்த அழுத்தத்திலும் எடை தாங்கப்படுகின்றது. ஆனால் தூணும் மேற்கொண்டு இறங்க வேண்டிய இடைவெளியும் குறைந்துவிடுகின்றன. குலுங்கும் வண்டியில் முதலில் செய்து பார்க்க வேண்டியது ஓரிரு அங்குலம் உயர்த்தி ஓட்டுவதேயாகும். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே புதிய பைகளை வாங்குவோர் உண்டு.

மேம்படுத்தும் முறைகள்

தாழ்ந்த தோற்றத்தையும் விட்டுக்கொடுக்க விரும்பாதோர், வில்லின் இயக்கத்தைக் குறைக்காமல் வண்டியைத் தாழ்த்த வேண்டும். முன்புறத்தில் சக்கரம் பொருந்தும் முனையை 2 முதல் 2.5 அங்குலம் வரை மேலே அமைத்த தாழ்வு ஸ்பிண்டில்கள் இதற்கு உதவுகின்றன. பின்புறத்தில் அச்சு மேலெழுந்து இடிக்கும் இடத்தில் சேஸின் அடிப்பகுதியை அரைவட்டமாக வெட்டி, எஃகுத் தகட்டால் வலுவூட்டுவர். வடிவம் கருதி இது சி-நாட்ச் எனப்படுகின்றது. வலுவூட்டாமல் வெட்டுவது ஆபத்தானது.

பை பொருத்தப்படும் இடமும் முக்கியமானது. கையின் நடுவில் வைக்கப்பட்ட பை, சக்கரம் நகரும் தூரத்தில் பாதியே நகரும். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு அவ்விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால், பையின் விறைப்பில் கால் பங்கே அங்கு சேரும். ஆனால் அந்தப் பை இருமடங்கு எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் அழுத்தம் கூட, அதன் விறைப்பும் கூடுகின்றது. நிகர ஆதாயம் ஏறத்தாழப் பாதி எனலாம். காற்றுத்தொட்டி பெரிதாயிருப்பதால் வில் மென்மையாவதில்லை. ஓடும்போது வால்வு மூடியிருப்பதால் தொட்டியின் காற்று வில்லில் சேராது.

ஷாக் அப்சார்பர் சுருங்கும் தூரத்தின் நடுப்பகுதியில் ஓடும் உயரம் அமைய வேண்டும். தாழ்த்திய வண்டியில் பழைய நீளமுள்ளதையே விட்டுவைத்தால் அது அடியில் முட்டும். இடமின்மையால் அதனைச் சாய்த்துப் பொருத்துவோர், 45 பாகைச் சாய்வில் தணிப்பு பாதியாகிவிடுவதை அறிந்திருத்தல் வேண்டும்.

சி10 இன் பின் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் தண்டு குட்டையானது. வண்டி தாழ்ந்து தண்டு சரிந்துவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் அச்சு பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டுநரை உலுக்கும். ஓடும் உயரத்தில் கிடைமட்டமாக நிற்கும் நீண்ட தண்டு இதனைக் குறைக்கும். இயக்கத்தண்டின் கோணங்கள் மாறுவதாலும் அதிர்வு எழும். தொங்கலமைப்பின் குறை எனப் பலர் முறையிடுவது உண்மையில் இவ்வதிர்வே. சக்கரம் பெரிதாகி டயரின் பக்கச்சுவர் ஒடுங்கியிருந்தால், சிறு பள்ளங்களின் அதிர்ச்சியைக் காற்றுவில் முழுதும் ஈடுசெய்யாது.

ஓர் அச்சின் இரு பைகளையும் ஒரே குழாயில் திறந்த நிலையில் இணைத்தால், திருப்பத்தில் ஒரு பையின் காற்று மற்றதற்குப் பாய்ந்து வண்டி சரியும். எனவே நான்கு பைகளுக்கும் தனித்தனி வால்வுகள் வைக்கப்படுகின்றன. சுமை மாறும்போது அழுத்தமானி சரியான உயரத்தைக் காட்டாது. உயர உணரிகளே அதற்கு ஏற்றவை.

பராமரிப்பு

அமுக்கப்பட்ட காற்றிலுள்ள ஈரம் தொட்டியில் நீராகத் தேங்குவதால் அதனை அவ்வப்போது வடிக்க வேண்டும். பை முழுதும் விரிந்த நிலையிலும் சுருங்கிய நிலையிலும் சேஸிலோ புகைபோக்கிக் குழாயிலோ உரசாதிருத்தல் அவசியம். காற்றால் மட்டும் உயர்த்தி நிறுத்தப்பட்ட வண்டியின் அடியில் எவரும் நுழையலாகாது. சேஸின் கீழ் உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே வேலை செய்ய வேண்டும்.