புள்ளித் தரவு வரைபடமாக்கம்: திருவனந்தபுரம்

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகப் பதிவான இடங்களை நிரல் எழுதி நிலப்படத்தின் மேல் புள்ளிகளாகக் குறிக்கும் முறை. பைத்தானில் ஜியோபாண்டாஸ், ஃபோலியம் ஆகியவையும் ஆர் மொழியில் எஸ்எஃப், லீஃப்லெட் ஆகியவையும் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. அடிப்படமாகப் பலரும் எடுத்துக்கொள்வது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்.

நிரல் சில வரிகளில் முடிந்துவிடும்; கவனம் வேண்டியது எண்களில்தான். திருவனந்தபுரம் ஏறத்தாழ வடக்கு 8.52, கிழக்கு 76.94 பாகையில் இருக்கிறது. ஃபோலியம் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜியோபாண்டாஸ் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். வரிசை மாறினால் நகரின் தம்பானூர் ரயில் நிலையம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, வடதுருவக் கடற்பகுதியில் போய் விழும். 76.94 என்பதும் செல்லத்தக்க அட்சரேகையே என்பதால் எச்சரிக்கை எதுவும் வராது. அந்தமான் தீவுகளில் இதே தவறு எளிதில் பிடிபடும்: அவற்றின் தீர்க்கரேகை 92 பாகையைத் தாண்டியது, அட்சரேகையோ 90-க்கு மேல் கிடையாது.

தசம இடங்களும் முக்கியம். இரண்டோடு நிறுத்தினால் கடைசி இலக்கத்தில் ஒன்றின் மாற்றம் தரையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். நான்கு இருந்தால் சுமார் 11 மீட்டர். தூரமும் பரப்பும் கணக்கிட, மீட்டர் அளவில் இடங்களைக் குறிக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு எண்களை மாற்றிக்கொள்வது நல்லது.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் இந்த நுணுக்கங்கள் உயிர்ப் பிரச்சினையாயின. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள மாநில ஐடி மிஷனும் ஐஇஇஇ பொறியாளர் அமைப்பின் தன்னார்வலர்களும் நடத்திய கேரளா ரெஸ்க்யூ தளம், பைத்தானின் ஜாங்கோ கட்டமைப்பில் திறந்த மூலமாக எழுதப்பட்டது. அதன் உதவிக் கோரிக்கைப் பதிவில் முகவரியோடு ஜிபிஎஸ் எண்களுக்கும், அவை எவ்வளவு துல்லியமானவை என்பதற்கும் தனித்தனிப் புலங்கள் இருந்தன. பிறருக்காகக் கேட்கப்படும் உதவியா என்பதற்கும் ஒரு புலம் உண்டு. தளத்தை வடிவமைத்தவர்களின் மிகச் சிறந்த முடிவு இதுதான். துபாயில் இருக்கும் மகன் செங்கன்னூரில் சிக்கிய தாய்க்காகப் பதிந்தால், மகனின் கைபேசி தரும் புள்ளி துபாயில்தான் இருக்கும். திருவனந்தபுரம் கரையிலிருந்து லாரியில் படகேற்றி மீட்புக்குச் சென்ற மீனவர்களுக்கு அந்தப் புள்ளியால் பயனில்லை. இத்தகைய பதிவுகளைப் பிரித்தெடுத்து, முகவரியைக் கொண்டு இடம் கண்டு, வேறு நிறத்தில் குறிக்க வேண்டும். துல்லியம் குறைந்தவற்றைப் புள்ளியாக அல்லாமல், பிழையளவையே ஆரமாகக் கொண்ட வட்டமாக வரைய வேண்டும்.