ஐந்நூறு பவுண்டு பந்தயம்



சர்வே லேப் ஞாபகம் இருக்கிறதா? உச்சி வெயிலில் மைதானத்தில் டம்பி லெவலை நிறுத்தி, ஸ்டாஃப் பிடித்தவன் தூங்கி வழிய, ரீடிங் எழுதினோமே! தூரம் கூடினால் பூமியின் வளைவுக்குத் திருத்தம் போட வேண்டும், ஒளிவிலகல் அதில் ஏழில் ஒரு பங்கைக் குறைக்கும் என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. அந்தத் திருத்தத்தால் ஒரு பெரிய மனிதர் பட்ட பாட்டைப் பிறகுதான் படித்தேன்.

இங்கிலாந்தில் சாமுவேல் ரோபோதம் என்று ஒருவர். 1838-ல் ஓல்ட் பெட்ஃபோர்டு கால்வாயில் இறங்கி, தண்ணீருக்குச் சற்று மேலே கண்ணை வைத்து, 6 மைல் தள்ளிப் போன படகையும் பார்த்ததாகச் சொன்னார். ஆகவே பூமி தட்டை என்றார். வட துருவம் நடுவில், சுற்றிலும் பனிச்சுவர், சூரியனும் சந்திரனும் தலைக்கு மேலே வட்டமடிக்கின்றன, சூரியன் மறைவதில்லை, தூரமாகப் போகிறது; இதுதான் அவருடைய வானம். 1849-ல் புத்தகமும் போட்டார். தண்ணீரை ஒட்டிய காற்று ஒளியை வளைத்துக் காட்டும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அவர் கொள்கையை நம்பிய ஜான் ஹாம்ப்டன், 1870-ல், நீர்ப்பரப்பு வளைந்திருப்பதை நிரூபித்தால் 500 பவுண்டு என்று சவால் விட்டார். ஏற்றவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட அதே வாலஸ்தான். இளமையில் அண்ணனோடு நில அளவை பார்த்தவர், அதாவது நம்ம ஆள்!

அதே கால்வாய். 6 மைல் இடைவெளியில் இரண்டு பாலங்கள், நடுவில் ஒரு கம்பம். மூன்றிலும் குறிகள் நீருக்குச் சுமார் 13 அடி மேலே, ஒரே உயரத்தில். தொலைநோக்கியில் நடுக்குறி சுமார் 5 அடி தூக்கித் தெரிந்தது. நம் கணக்குப்படி 3 மைலுக்கு 6 அடி. ஒளிவிலகலைக் கழித்தால் சரியாக வருகிறது பாருங்கள். ஹாம்ப்டனோ தொலைநோக்கியில் கண்ணே வைக்கவில்லை. அவர் தரப்பு நடுவர் கார்ப்பென்டர் பார்த்துவிட்டுத் தங்கள் கட்சியே வென்றது என்றார். பணத்தை வைத்திருந்த பத்திரிகை ஆசிரியர் வால்ஷ், வாலஸுக்கே தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம்தான் தொல்லை. ஹாம்ப்டன் ஆண்டுக்கணக்கில் அவதூறுக் கடிதங்கள் எழுதினார்; வாலஸின் மனைவிக்கே மிரட்டல் போனது. சிறைக்குப் போயும் மனுஷன் மாறவில்லை. பந்தயம் சட்டப்படி செல்லாது என்று 1876-ல் நீதிமன்றம் சொல்ல, அந்தப் பணமும் ஹாம்ப்டனுக்கே திரும்பியது. 1905-ல் வெளிவந்த தன் வரலாற்றில் வாலஸ் இந்த விஷயத்துக்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நானும் ஒரு வாலஸ் வேலை செய்தவன். என் சித்தி மகன் செல்போனில் என்னென்னவோ பார்த்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டில், "சூரியன் மறையலண்ணே, தூரமாப் போகுது" என்றான். "தூரமாப் போனா சின்னதா ஆகணும்டா. மத்தியானமும் சாயங்காலமும் அதே அரை டிகிரிதானே இருக்கு? ஆயிரம் ரூபாய் பந்தயம், வர்றியா?" என்றேன். சபையே சிரித்தது. தம்பி பந்தியில் உட்காராமலே போய்விட்டான். ஒரு வருஷம் பேச்சில்லை. என் வாதத்தில் தப்பில்லை. சிரித்த கூட்டத்துக்கு முன்னால் எவன் ஒப்புக்கொள்வான்?

வாலஸ் கதையைப் படித்த பிறகு நானே போன் செய்தேன். மாசி மாதம், இரவு 9 மணி, மொட்டை மாடி. தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம். "இது லண்டன்ல எந்த ராத்திரியும் உதிக்காது. வடக்கே போகப் போக இறங்கி மறைஞ்சிடும். தட்டையா இருந்தா ஏன் மறையணும்?" என்றேன். எகிப்தில் தெரியும் நட்சத்திரங்கள் வடக்கே தெரிவதில்லை என்று அரிஸ்டாட்டிலே எழுதிவிட்டார்.

"நீ சொல்றதை நான் எப்படி நம்புறது?"

"நம்பாதே. லண்டன்ல இருக்கிற உன் சிநேகிதனையே கேளு."

கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவனாகவே போன் செய்தான்.

தம்பி தங்கைகளே, விடுதியில் விவாதம் பண்ணுங்கள், நாங்களும் விடிய விடியப் பண்ணினோம். பந்தயம் மட்டும் வேண்டாம். எதிராளியை மாடிக்குக் கூட்டிப் போய், அவன் கண்ணாலேயே பார்க்க விடுங்கள்.