கணக்கின் கடைசி வரி

சேர்க்கை நாட்களில் எங்கள் கல்லூரியின் உதவி மேசையில் தமிழ்த்துறைக்காரியான நானும் உட்காருவதுண்டு. சென்ற ஆண்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு அரசியல் அறிவியல் படிக்க ஆசை. தாயின் கையில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று இருந்தது. அதில் மூன்று பத்தி பிரித்துக் கணக்கு எழுதியிருந்தார்: அரசுக் கலைக் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி. கட்டணம், பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக இறங்கிவந்த கணக்கில் கடைசி வரி, ‘முடிச்சா என்ன?’ அந்த வரி மட்டும் மூன்று பத்தியிலும் காலியாக இருந்தது.

“மேடம், இதை மட்டும் நீங்க சொல்லுங்க” என்றார்.

அந்தத் தாள் எனக்குப் பழக்கமானது. 1996இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இதே கணக்கைப் போட்டார். அரசியல் அறிவியல் இருந்தது இருபாலர் கல்லூரியில். இரண்டு பேருந்து மாற வேண்டும். நடக்கும் தூரத்தில் இருந்த பெண்கள் கல்லூரியில் தமிழ் இருந்தது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பேருந்துக் காசும் நான் வீடு திரும்பும் நேரமும் கணக்கை முடித்துவைத்தன. “பொம்பளப் பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?” என்று பாட்டி கேட்டாள். வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. தமிழ் படித்ததற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது நானல்ல.

அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்கும் பிறகு, மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் ஊராட்சியும் பெண்களுக்கு வந்தது. எங்கள் தெரு அத்தை ஒருவர் தலைவரானார். நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். சாயங்காலங்களில் அத்தை தீர்மானப் புத்தகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு என்னிடம் வருவார். “காலேஜ் படிக்கிற புள்ள, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டு.” நான் பிழையில்லாமல் வாசித்துக் காட்டினேன். வாக்கியம் புரிந்தது, அதன் பின்னால் இருந்த சட்டம் எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. ஊராட்சிக் காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. மறுக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்று நாங்கள் இருவரும் அறியவில்லை. பின்னாளில் தணிக்கையில் கேள்வி வந்தபோது பதில் சொல்ல அழைக்கப்பட்டவர் அத்தைதான். மாமாவின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை.

பெண்ணின் பட்டத்துக்கு விலை போடும் வழக்கம் எங்கள் தெருவில் தொடங்கியதல்ல. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தபோது அது சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும், சொத்துத் தகுதி உள்ளவர்களின் மனைவிகளுக்கும் அந்த வாசலைக் கொஞ்சம் அகலத் திறந்தது. ஒரு பெண் வாக்காளராகப் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை மணந்திருக்க வேண்டும். படிப்பையும் தாலியையும் ஒரே தராசில் வைக்கும் வழக்கம் சட்டத்திலேயே இருந்தது.

விடுதலைக்குப் பிறகு அந்தத் தராசு வேறு பக்கம் சாய்ந்தது. சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்த அன்னா ராஜம் 1951இல் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தார். திருமணம் செய்தால் பணி முடிந்துவிடும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையில் இருந்தது. சென்னையிலேயே படித்த குடகுப் பெண் சி. பி. முத்தம்மா 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். திருமணத்துக்கு அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்று அந்தப் பணியின் விதி பெண்களுக்கு மட்டும் சொன்னது. முத்தம்மா தொடுத்த வழக்கில் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளின் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். பட்டமும் தேர்வும் அவர்களை அரசாங்கத்துக்குள் கொண்டுபோயின. அங்கே காத்திருந்த விலைச் சீட்டில் ‘திருமணம்’ என்று எழுதியிருந்தது.

தமிழ்நாட்டில் பட்டத்தின் விலை ரூபாயிலேயே எழுதப்பட்டது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. முதலில் 5,000 ரூபாய். 2011இல் பத்தாம் வகுப்பு படித்தவருக்கு 25,000, பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு 50,000, கூடவே தாலிக்கு நான்கு கிராம் தங்கம். பெண்களைப் பள்ளியில் நிறுத்திவைக்க அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். என் மாணவிகள் பலருடைய வீடுகளில் “டிகிரி முடிக்கட்டும், ஐம்பதாயிரம் வருமே” என்ற பேச்சுதான் மூன்றாம் ஆண்டுவரை அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பணம் மணமேடைக்கு வழியாகத்தான் வந்தது. மணம் வேண்டாம் என்றவளின் பட்டத்துக்கு அந்தத் திட்டத்தில் மதிப்பில்லை.

அதிலும் யார் பெயரால்! தாசி முறைக்குள் வளர்ந்து, அதை உதறி வெளியே வந்து, அதை ஒழிக்கப் போராடியவர் இராமாமிர்தம் அம்மையார். 1936இல் அதைப் பற்றி நாவல் எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார், சிறை சென்றார். கல்லூரியில் படித்தவரல்ல. அதே தாசி முறைக்கு எதிராகச் சட்டமன்றத்துக்குள் நின்றவர் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. 1947இல் சட்டம் வந்ததில் இருவருக்கும் பங்குண்டு. ஒருவர் அரசியலைத் தெருவில் கற்றார், மற்றவர் அவையில் கற்றார். அரசியல் பட்டம் இருவரிடமும் இல்லை. அதனால் அந்தப் பட்டம் வேண்டாம் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். அவ்விருவரின் துணிச்சல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என் அத்தைக்கு வாய்க்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, சட்டப் பிரிவைப் படித்துவிட்டு “இதில் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சொல்லக்கூடிய பயிற்சி.

2022இல் அந்தத் திருமண உதவித் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் இருக்கும் காலத்திலேயே மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. பணம் மணமேடையிலிருந்து வகுப்பறைக்கு இடம் மாற 33 ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் சுருக்கி அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் கேட்ட கணக்கையும் சொன்னேன். அரசு வேலைத் தேர்வுகள் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவதொரு பட்டம் போதும். அரசமைப்புப் பாடம் அங்கே கைகொடுக்கும். சட்டம் படிக்கப் போகலாம். பள்ளிகளில் இந்தப் பாடம் குறைவு என்பதால் ஆசிரியர் வேலையை மட்டும் நம்ப வேண்டாம். சுயநிதிக் கல்லூரியில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்குத் தனி மதிப்பு ஏதும் பட்டத்தில் ஏறிவிடாது. நூலகத்தையும் ஆசிரியர்களையும் நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். தொலைநிலைக் கல்வி செலவு குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டும். மணமான பின் படித்த எத்தனையோ பெண்களுக்கு அதுதான் கிடைத்த ஒரே கதவு. ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதில் ஒன்று போய்விடும்: வீட்டை விட்டு வெளியே போய், தன்னோடு உடன்படாத நாலு பேரோடு உட்கார்ந்து வாதிடும் மூன்று ஆண்டுகள். அரசியல் படிப்பில் பாதி அதுதான்.

மகள் அதுவரை பேசவில்லை. தாயின் பேனாவை வாங்கி அரசுக் கல்லூரிப் பத்தியில் பேருந்துக்கு எதிரே எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டு, சுழியம் போட்டாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் கணக்கை முடித்துவைத்த வரி அது.

தாய் அந்தச் சுழியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “சாயங்காலம் எத்தனை மணிக்கு மேடம் விடுவாங்க?”

எனக்கு முன்பே மகள் சொன்னாள்: “லைப்ரரி மூடுற வரைக்கும் இருப்பேன்மா.”

தாய் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பம் எங்கே வாங்குவது என்று கேட்டார்.