இல்லை என்றவருக்கே உரிமம்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. பெருமாள் கோயிலுக்குப் பெயர்பெற்ற பழைய ஊர். பட்டு நெசவுக்குப் புகழ்பெற்ற வட்டாரம். 2025 அக்டோபர் முதல் வாரத்தில் உறவினர் இல்லத் திருமணத்திற்காக அவ்வழியே சென்றோம். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருந்தது. சாலையோர மருந்துக் கடை ஒன்றில் பழைய அட்டையைக் காட்டிக் கேட்டேன். கடையிலிருந்த இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்களிடம் இல்லைங்க பாய். இதே போல வேறு ஒன்று இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் மாற்றித் தர மாட்டேன்" என்றார். அப்போது எனக்குச் சற்றுக் கோபந்தான் வந்தது. அவருக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய பதிவுச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது.

காரில் ஏறிய பின்னர் நினைவுக்கு வந்தது, பக்தாத் காலத்து நிகழ்ச்சி ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கைச் சேர்ந்த மருத்துவர் இப்னு அபீ உஸைபிஆ, மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்து எழுதிய நூலில் அது இடம்பெற்றுள்ளது.

கலீஃபா முஃதஸிமின் தளபதி அஃப்ஷீன், பாபக்கின் கிளர்ச்சியை அடக்கப் படையுடன் பாளையமிறங்கியிருந்தார். பாளையத்தில் இருந்த வணிகர்களைக் கணக்கெடுத்தபோது மருந்து விற்போரின் பட்டியலும் வந்தது. இவர்களைச் சோதித்துப் பார்ப்பதே முதல் வேலை என்று அஃப்ஷீன் கருதினார். உடனிருந்த மருத்துவர் ஸகரிய்யா இப்னு தைஃபூரி, முந்தைய கலீஃபா மஃமூனின் காலத்தில் நடந்ததை எடுத்துச் சொன்னார். மருந்து விற்பவர்கள் எதைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்று சொல்லி ஏதாவது ஒன்றை எடுத்து நீட்டுவார்கள் என்று மஃமூனிடம் ஒருவர் கூறியிருக்கிறார். மஃமூன் பக்தாதை அடுத்த ஓர் இடத்தின் பெயரையே மருந்தின் பெயர்போலச் சொல்லி ஆட்களைக் கடைகளுக்கு அனுப்பினார். எல்லாரும் இருக்கிறது என்றே சொன்னார்கள். ஒருவர் விதைகளைக் கொடுத்தார். ஒருவர் கல்துண்டைக் கொடுத்தார். இன்னொருவர் விலங்கின் உரோமத்தைக் கட்டிக் கொடுத்தார்!

அஃப்ஷீனும் அப்படியே செய்தார். தம் சொந்த நாடான உஷ்ரூஸனாவில் வழங்கிய பெயர்களில் இருபது அளவில் தேர்ந்து, அவற்றை மருந்துகளாகக் கேட்டு வரச் செய்தார். சிலர் தெரியாது என்றார்கள். சிலர் தெரியும் என்று காசு வாங்கிக்கொண்டு கையில் கிடைத்ததைக் கொடுத்தார்கள். தெரியாது என்று சொன்னவர்களுக்குப் பாளையத்தில் தங்கித் தொழில் செய்ய எழுத்து வடிவில் அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது இது. மருந்தாளுநர் உரிமத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த உரிமம் யாருக்குக் கிடைத்தது என்பதே என் மனத்தைத் தொட்டது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு அவரையே சாரும் என்ற கருத்தில், நபி (ஸல்) அவர்களின் வாக்கு ஒன்று அபூதாவூது முதலிய தொகுப்புகளில் உண்டு. ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து விரிவான சட்டங்களை வகுத்தார்கள். கடைத்தெருவில் அவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு முஹ்தஸிப் என்னும் அலுவலருக்கு இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய முஹ்தஸிப் கையேட்டில், மருந்துச் சரக்குகளில் நடக்கும் கலப்படங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டுள்ளன. அபினில் எந்தச் செடியின் சாற்றைக் கலப்பார்கள், குங்குமப்பூவில் இறைச்சி நாரை எப்படிச் சேர்ப்பார்கள், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்றெல்லாம் அவர் எழுதியிருக்கிறார். படித்தால் சிரிப்பும் வரும், அச்சமும் வரும்.

நம் நாட்டில் இத்தகைய எழுத்து வடிவிலான ஒழுங்கு வெகு தாமதமாகவே வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் மருத்துவமனைகளிலும் ஊர் மருத்துவர்களிடமும் மருந்து கலந்து கொடுத்தவர் 'கம்பவுண்டர்'. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருந்து விற்போருக்கான வகுப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கின. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் யாரும் எதையும் விற்கலாம் என்ற நிலைதான். கர்னல் சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த மருந்து விசாரணைக் குழு அந்தச் சீர்கேட்டை விரிவாகப் பதிவு செய்தது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியலைப் பட்டப்படிப்பின் பாடமாக்கினார். 1940இல் மருந்துகள் சட்டமும் 1945இல் அதன் விதிகளும் வந்தன. விடுதலைக்குப்பின் 1948இல் பார்மசி சட்டம் நிறைவேறியது. அதுவரை தொழில் செய்துவந்த கம்பவுண்டர்களைத் தெருவில் நிறுத்தாமல், ஐந்தாண்டு அனுபவமுள்ளவர்களும் முதல் பதிவேட்டில் இடம்பெற அச்சட்டம் வழிவிட்டது. பதிவு இல்லாதவர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று மூலச் சட்டம் கூறியது.

1945ஆம் ஆண்டு விதிகளில் ஒன்று திருப்புட்குழியில் என்னைக் கோபப்படுத்திய விதி. மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டிய அட்டவணை மருந்துகளுக்குப் பதிலாக, ஒரே சரக்கு அடங்கியதாயினும் வேறு மருந்தைக் கொடுக்கக் கூடாது. அந்த இளைஞர் சட்டத்தைத்தான் சொன்னார்.

இன்று டிப்ளமோ இரண்டாண்டு; அதன்பின் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. பி.பார்ம் நான்காண்டு. 2008இல் வந்த பார்ம்.டி ஆறாண்டு. படித்து முடித்தவர் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிந்த பின்னரே மருந்தாளுநர். பிரிட்டனில் மருந்தாளுநரின் கீழ்ப் பணியாற்றும் டெக்னீஷியனுக்கும் 2011 முதல் கட்டாயப் பதிவு உண்டு. இந்தியாவில் அப்படித் தனிப் பதிவு இல்லை. வளைகுடா செல்லும் நம் பிள்ளைகளில் டிப்ளமோ படித்தோர் இந்த இரண்டாம் நிலைப் பணிகளுக்கே பெரும்பாலும் தேர்வு எழுதுகிறார்கள். ஊரிலேயே இருக்க விரும்புவோருக்கு, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் ஒரு புதிய வாய்ப்பாக அமைந்தன.

இங்கே கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படித்துப் பதிந்தவர் வேறு வேலைக்குப் போய்விட, அவருடைய சான்றிதழ் மட்டும் மாத வாடகைக்கு ஒரு கடைச் சுவரில் தொங்குவது நாமறிந்த நடைமுறை. நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது; 'சும்மா கிடக்கும் காகிதம்தானே' என்று பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கடையில் 'இல்லை' என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதர் அங்கே இல்லை என்பதே அந்த வாடகையின் பொருள். அதில் வரும் பணத்தை ஹலால் என்று எப்படிக் கருதுகிறோமோ, எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் திருப்புட்குழியைக் கடந்த அந்த வாரத்தில் நாடே ஒரு செய்தியைப் பேசிக்கொண்டிருந்தது. அதே நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளம் உயிர்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில், அம்மருந்தின் ஒரு தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 விழுக்காடு. ஆய்வாளர்கள் அந்த ஆலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டார்கள்; உரிமம் இரத்தானது. இதே நச்சால் 1972இல் சென்னையில் பதினான்கு குழந்தைகள் இறந்திருந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர்.

திருமணம் முடிந்து மறுநாள் திரும்பும்போது அதே கடையில் வண்டியை நிறுத்தினேன். மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் எழுதியனுப்பிய சீட்டைக் காட்டி அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். அந்த இளைஞர் இருமல் மருந்துப் புட்டிகளை மேசைமேல் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் தொகுதி எண்ணையும் ஒரு தாளுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதும் நிமிர்ந்து, "அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.