வட்ட ஜன்னலும் நான்கு போல்ட்டும்: டோக்கியோவின் 100 சதுர அடி வீடுகள்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு அறையைப் பத்தினது. அகலம் 8 அடி, நீளம் 13 அடி. அதுக்குள்ள படுக்கை, மேசை, அலமாரி, டி.வி., குளியலறை எல்லாம் அடக்கம். சமையலறை கிடையாது. ஒரே ஜன்னல், அதுவும் வட்டமா, திறக்க முடியாத மாதிரி. இப்படி 140 அறைகளை மாட்டி 1972-ல் டோக்கியோவின் கின்ஸா பக்கத்தில் ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். பெயர் நாகாகின் காப்சூல் டவர். 2022-ல் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் இருந்த 50 வருஷத்தில் அந்த அறைகளுக்குள்ள யார் எதை மாற்றினார்கள், எதை மாற்ற முடியாமல் போச்சு, அதுதான் இன்னைக்குக் கதை.

நீங்க இந்தக் கட்டடத்தின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. முன்பக்கம் வட்டக் கண்ணாடி வச்ச வாஷிங் மெஷின்களை யாரோ அவசரத்துல அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். வரைந்தவர் கிஷோ குரோகாவா. பெயர் புதுசா இருந்தாலும் அவர் கட்டின ஒண்ணுக்குள்ள நம்மில் பலர் நடந்திருப்போம். 1998-ல் திறந்த கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையம் அவர் வடிவமைத்ததுதான்.

1960-ல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தபோது குரோகாவாவுக்கு 26 வயசு. போரில் குண்டு விழுந்து அந்த ஊர் எரிந்து 15 வருஷம்தான் ஆகியிருந்தது. ஜனங்கள் வந்து குவிகிறார்கள், இடம் இல்லை. அந்த நேரத்தில் அவரும் இன்னும் சில இளம் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து ஒரு இயக்கத்தை ஆரம்பித்தார்கள். பெயர் மெட்டபாலிசம், அதாவது வளர்சிதை மாற்றம். உடம்பில் பழைய செல் செத்துப் புதுச் செல் வருகிறது, ஆனா ஆள் அதே ஆள்தான். ஊரும் அப்படி இருக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம் நிலையா நிற்கும், அதில் மாட்டுகிற அறைகள் மட்டும் காலாகாலத்தில் மாறும்.

காகிதத்தில் இப்படி நிறையப் பேர் வரைந்தார்கள். குரோகாவாவுக்கு 1970-ல் அதிர்ஷ்டம் அடித்தது. ஒசாகா உலகக் கண்காட்சியில் அவர் அமைத்த அரங்கைப் பார்த்த நாகாகின் நிறுவனத் தலைவர், இதே மாதிரி நிஜமா குடியிருக்க ஒண்ணு கட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

கட்டின விதமே ஒரு வேடிக்கை. 11 மாடி, 13 மாடி என்று இரண்டு கான்கிரீட் தூண்கள். லிஃப்டும் மாடிப்படியும் அதுக்குள்ள. அறைகள் மட்டும் தொழிற்சாலையில், சரக்குக் கன்டெய்னர் செய்கிற முறையில், எஃகுப் பெட்டிகளாகத் தயாராகி, உள்ளே சாமான் எல்லாம் பொருத்தின நிலையிலேயே லாரியில் வந்து இறங்கின. கிரேன் தூக்கித் தூணோடு ஒட்ட வைத்தது. ஒரு அறைக்கு நான்கு போல்ட். அவ்வளவுதான் வீடு.

சரி, உள்ளே போவோம். கதவைத் திறந்ததும் பக்கத்தில் குளியலறை. டாய்லெட், வாஷ் பேசின், தொட்டி மூன்றும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு, விமானத்தில் இருக்குமே, அந்த அளவு. அதைத் தாண்டினால் ஒரு பக்கச் சுவர் முழுக்க வெள்ளை அலமாரி. இழுத்து மடக்கினால் மேசை. அதுக்கு மேல கடிகாரம், டயல் வச்ச போன், கலர் டி.வி., ஸ்பூல் டேப் ரிக்கார்டர், எல்லாம் சுவரிலேயே பதித்தது. எதிரே ஜன்னல், அதுக்குக் கீழ படுக்கை. ஜன்னலின் விட்டம் 1.3 மீட்டர், நாலடிக்கு மேல. மறைக்கத் துணித் திரை இல்லை, விசிறி மாதிரி வட்டமா விரியுற மடிப்புத் தட்டி.

எனக்கு இந்த அறையில ரொம்பப் பிடிச்சது அந்த ஒரு பக்கச் சுவர்தான். சாமானை நாலு பக்கமும் பரப்பினால் நடுவுல நமக்கு இடம் இல்லை. எல்லாத்தையும் ஒரே பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஏற்றிவிட்டால், மீதி மூன்று பக்கமும் மூச்சு விடுது. இன்னைக்கு ஒன் ஆர்.கே. வீட்டுக்கு இன்டீரியர் பண்றவங்க சொல்ற முதல் யோசனையும் இதுதான். ஜன்னலும் அப்படித்தான். 100 சதுர அடியில் ஒரு சின்ன ஜன்னலை வைத்திருந்தால் அது லாக்கப். இவ்வளவு பெரிய வட்டம் வெச்சதால உள்ளே வெளிச்சமும் வெளியே ஊரும் கிடைச்சது.

ஆனா யாருக்காக இந்த அறை? புறநகரில் குடும்பத்தை வைத்துவிட்டு வார நாட்களில் கின்ஸாவில் வேலை பார்க்கிற ஆண். கடைசி ரயிலைத் தவற விட்டவர். அவர் சமைக்க மாட்டார், துணி துவைக்க மாட்டார், விருந்தாளியைக் கூப்பிட மாட்டார். அப்படித்தான் குரோகாவா கணக்குப் போட்டார். கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. 1979-ல் ஒசாகாவில் திறந்த உலகின் முதல் காப்சூல் ஹோட்டலும் அவர் வடிவமைப்புதான். ஒரு ராத்திரி தூங்கிட்டுப் போறவருக்கு இது போதும். வருஷக்கணக்கா இருக்கிறவருக்கு?

இந்த இடத்துல 800 வருஷம் பின்னால போயிட்டு வரலாம். கமோ நோ சோமெய் என்று ஒரு ஜப்பானியக் கவிஞர். தீ, சூறாவளி, பஞ்சம், 1185-ல் வந்த நிலநடுக்கம் எல்லாத்தையும் கியோட்டோவில் பார்த்தவர். பெரிய வீடு கட்டுவதில் என்ன இருக்கிறது என்று வெறுத்து, வயசான காலத்தில் மலைப்பக்கம் ஒரு குடிசை போட்டார். பத்தடிக்குப் பத்தடி. 1212-ல் அவர் எழுதிய 'ஹோஜோகி'யில் அந்தக் குடிசையை விவரிக்கிறார். இணைப்புகள் எல்லாம் கொக்கி. இடம் பிடிக்கலைன்னா கழற்றி இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். உள்ளே காய்ந்த செடிகளைப் பரப்பின படுக்கை, புத்தர் படம், புத்தகக் கூடைகள், அப்புறம் இரண்டு நரம்பு வாத்தியங்கள். அதில் ஒன்று மடக்கி வைக்கிறது, இன்னொன்று பிரித்துச் சேர்க்கிறது! ஸ்பேஸ் சேவிங் ஃபர்னிச்சர்னு இப்போ ஆன்லைன்ல விக்கிறாங்களே, அதுக்குத் தாத்தா.

அளவில் பார்த்தால் சோமெய் குடிசையும் குரோகாவா காப்சூலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் ஒரே இடத்தில். குடிசையைக் கழற்ற சோமெய்க்கு யாருடைய சம்மதமும் வேண்டாம்.

காப்சூலுக்கு ஆயுள் 25 வருஷம் என்று குரோகாவா சொல்லியிருந்தார். கான்கிரீட் தூண் அதையும் தாண்டி நிற்கும், பெட்டிகளை மட்டும் கழற்றிவிட்டுப் புதுசா மாட்டணும். அப்படின்னா 1997 வாக்கில் முதல் மாற்றம் நடந்திருக்கணும். நடக்கவில்லை. ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை.

ஏன்? முதலில் வேலை முறை. போல்ட் நாலுதான், ஆனா பெட்டிகள் நெருக்கமா ஒன்றன்மேல் ஒன்று நின்றன. கீழே இருக்கிற ஒண்ணை எடுக்கணும்னா மேலே இருக்கிறதை எடுத்தாகணும். அடுத்து சொந்தக்காரர்கள். அறைகள் தனித்தனியா விற்கப்பட்டவை. ஒருத்தர் குடியிருக்கிறார், ஒருத்தர் ஆபீஸ் வச்சிருக்கிறார், ஒருத்தர் பூட்டிப்போட்டுட்டுக் காணாமலே போயிட்டார். என் வீட்டைப் புதுப்பிக்க மேல் வீட்டுக்காரர் வெளியேறணும், அவர் வெளியேற அவருக்கு மேல இருக்கிறவர் வெளியேறணும். அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங் போயிருக்கீங்களா? தண்ணித் தொட்டி கழுவவே ரெண்டு மீட்டிங் ஆகும்.

எல்லாத்துக்கும் மேல குழாய். சின்ன வீட்டை அழகு பண்றதைப் பத்திப் பேசுற யாரும் குழாயைப் பத்திப் பேசறதில்லை. பெட்டிகளுக்கு நடுவில் சந்து ரொம்பக் குறுகல், ஆள் நுழைஞ்சு பழுது பார்க்க வழியில்லை. துரு பிடிச்சது, மழைத்தண்ணி ஒழுகினது. பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் உடைத்துச் சரிபண்ணவும் பயம். 2010-ல் கட்டடத்துக்கு வெந்நீர் நின்றுபோனது. அப்புறம் குடியிருந்தவர்கள் கீழே இருந்த ஷவரைப் பொதுவாகப் பயன்படுத்தினார்கள். சிதறி விழுகிற துண்டுகள் தெருவில் போகிறவர் தலையில் விழக் கூடாதே என்று கட்டடத்தின் மேல் வலை போர்த்தினார்கள்.

இதுவரைக்கும் கேட்டால் தோல்விக் கதை மாதிரி இருக்கு. ஆனா உள்ளே நடந்தது வேற.

நோரிடாகா மினாமி என்ற புகைப்படக் கலைஞர் 2010-லிருந்து இந்த அறைகளைப் படம் எடுத்தார். கிட்டத்தட்ட எல்லாப் படமும் ஒரே கோணம்: எதிரே வட்ட ஜன்னல். அதனால் ஒவ்வொரு அறைக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒண்ணுல வெள்ளை அலமாரி அப்படியே இருக்கு. ஒண்ணுல அதைப் பெயர்த்து எடுத்துட்டு மரத்தரை போட்டிருக்கு. ஒருத்தர் டாட்டாமிப் பாய் விரித்துத் தேநீர் அறை ஆக்கினார். புத்தகத்தால் நிரப்பினவர் உண்டு, பாட்டுப் போடுகிற டிஜே மேசை வைத்தவர் உண்டு. பின்னாடி முஜி நிறுவனம்கூட ஒரு காப்சூலைத் தன் சாமான்களால் அமைத்து மாத வாடகைக்கு விட உதவியது.

குரோகாவா யோசிக்காமல் விட்டது இதைத்தான்னு நினைக்கிறேன். அவர் கணக்கில் புதுப்பிக்கிறதுன்னா முழுப் பெட்டியும் போய் முழுப் பெட்டி வரணும். குடியிருக்கிறவங்க அப்படிப் புதுப்பிக்கிறதில்லை. இந்த மாசம் ஒரு பலகை, அடுத்த வருஷம் ஒரு திரை, போனஸ் வந்தா தரை. அதுவும் சுவரில் பதித்த டி.வி. இருக்கே, அதுதான் முதலில் கிழடாச்சு. 1972-ல் அது ஆடம்பரம், 2000-ல் அது சுவரில் ஒரு ஓட்டை. எதைச் சுவரோட சேர்த்துப் பதிக்கிறோமோ அதுதான் சீக்கிரம் பழசாகுது. என் வாடகை அறையில் ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கு. அதனால் என்னோட எல்லா அலமாரியும் சக்கரத்தில் நிக்குது. இந்தக் கதையைப் படிச்சதுக்கு அப்புறம் அந்த விதிமேல எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. முழுசா இல்லை.

2007-ல் சொந்தக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். கட்டடத்தை இடிக்க ஐந்தில் நான்கு பங்கு ஆதரவு வேண்டும். அது கிடைத்துவிட்டது. குரோகாவா கெஞ்சிப் பார்த்தார்: தூணை வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதுசா மாட்டலாம், அதுக்காகத்தானே இப்படிக் கட்டினேன்? ஜப்பானின் கட்டடக் கலைஞர் சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. சொந்தக்காரர்கள் நிலநடுக்கத்தைக் காட்டினார்கள், ஆஸ்பெஸ்டாஸைக் காட்டினார்கள். சொல்லாமலே தெரிஞ்ச இன்னொரு காரணம் நிலம். கின்ஸா ஓரத்தில் அந்த மனையில் 140 சின்னப் பெட்டி நிற்பதைவிடப் பெரிய கட்டடம் நின்றால் பணம். அந்த வருஷம்தான் அவர் டோக்கியோ கவர்னர் தேர்தலிலும் நின்று தோற்றிருந்தார். அக்டோபரில் இறந்துபோனார்.

மறு வருஷம் பொருளாதார நெருக்கடி வந்து இடிப்புத் திட்டம் படுத்துவிட்டது. அப்படிக் கிடைத்த உபரி ஆயுள்தான் மேலே சொன்ன டாட்டாமியும் டிஜே மேசையும் நிறைய வந்த காலம். கட்டடத்தைக் காப்பாத்தணும்னு சிலர் ஒண்ணுக்கு மேற்பட்ட காப்சூல்களை வாங்கினார்கள். ஒருவர் மட்டும் 15 வாங்கினார், ஓட்டு கூடுமே என்று. போதவில்லை. 2021-ல் கட்டடம் கைமாறியது. 2022 ஏப்ரலில் பிரிக்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு வருஷம் யாரும் கழற்றாத பெட்டிகளைக் கடைசியில் கழற்றினார்கள், மேலிருந்து கீழாக, மாட்டுவதற்கு ஒன்றுமில்லாமல்.

23 பெட்டிகள் தப்பித்தன. ஏ1305 என்ற எண்ணுள்ள அறை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. 2025-ல் அங்கே காட்சிக்கு வைத்தார்கள். டி.வி., டேப் ரிக்கார்டர், தட்டி எல்லாம் 1972-ல் இருந்த மாதிரியே சீர்செய்திருக்கிறார்கள். பார்க்க அழகா இருக்கு. ஆனா அது யாரும் குடிவருவதற்கு முந்தின அறை. நடுவில் இருந்தவர்கள் செய்ததெல்லாம் பக்கத்தில் படமாகவும் பேட்டியாகவும்தான் இருக்கு.

டோக்கியோ போறவங்களுக்கு ஒரு தகவல். பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஷட்டில் என்று ஒரு சின்ன அரங்கு இருக்கிறது. அங்கே இரண்டு காப்சூல். ஒண்ணு 1972-ல் இருந்த மாதிரி வெள்ளை அலமாரியோட. இன்னொண்ணுல உள்ளே எல்லாத்தையும் எடுத்துட்டு எஃகுச் சட்டம் தெரியுற மாதிரி வெறுமையா விட்டிருக்காங்க. கண்காட்சி நடக்கும்போதெல்லாம் வர்ற கலைஞர் அதுக்குள்ள அவருக்குத் தோணினதை வெச்சுக்கலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.