சமச்சீர் கல்வி: நீதிமன்றம் திறந்துவைத்த பாடநூல்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன: மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல். ஒரே தெருவில் வளர்ந்த இரு பிள்ளைகள் வேறுவேறு புத்தகம் படித்து, வேறுவேறு பொதுத்தேர்வு எழுதினார்கள். இதை ஆராய 2006-இல் முன்னாள் துணைவேந்தர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைந்தது. 2010-இல் தி.மு.க. அரசு சமச்சீர் கல்விச் சட்டத்தை இயற்றியது. தனியார் பள்ளிகள் வழக்குத் தொடுத்தன. சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. அந்த ஆண்டே ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குப் பொதுப் பாடநூல் வந்தது.

மற்ற வகுப்புகளுக்கான நூல்கள் அச்சாகி வந்த நேரத்தில், 2011 மே மாதம் ஆட்சி மாறியது. பாடத்தின் தரம் போதாது என்று கூறிய அ.தி.மு.க. அரசு, சட்டத்தைத் திருத்தித் திட்டத்தை நிறுத்திவைத்தது. ஜூன் நடுவில் பள்ளிகள் திறந்தன. கையில் புத்தகம் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக்கூட எந்தப் பாடத்தில் தேர்வு என்பது தெரியாது. உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த நிபுணர் குழு நூல்களில் குறை கண்டது. ஆனால் ஜூலை 18 அன்று உயர் நீதிமன்றம் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பாஞ்சால், தீபக் வர்மா, சவுகான் அமர்வு அதை உறுதிசெய்து, பத்து நாளுக்குள் திட்டத்தை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது.

எந்தப் பாடத்திட்டம் சிறந்தது என்பது தீர்ப்பின் மையம் அல்ல. நீதிமன்றம் செல்லும் என்று சொல்லிவிட்ட சட்டத்தை, திருத்தம் என்ற பெயரில் செயலற்றதாக்க முடியாது என்பதே அதன் சாரம். கட்சி மாறினால் பாடமும் மாறும் என்ற போக்குக்கு அது போட்ட கடிவாளம் முக்கியமானது. அரசும் முழுதாக விட்டுவிடவில்லை: முந்தைய ஆட்சியை நினைவூட்டிய பக்கங்களின் மேல் தாள் ஒட்டிய பிறகே நூல்கள் வகுப்புக்குப் போயின. வெளிச்சத்தில் பிடித்து அடியில் இருந்ததைப் படிக்காத மாணவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

பெயரில் இருந்த சமச்சீர் பாடநூலோடு நின்றது. கட்டணம், கட்டடம், பயிற்றுமொழி ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வைத் தீர்ப்பு தொடவில்லை. அவை வழக்கிலும் இல்லை. பொதுப் பாடத்திட்டத்தை விரும்பாத தனியார் பள்ளிகள் பல, பின்னர் சி.பி.எஸ்.இ.க்கு மாறிக்கொண்டன. 2018-19 முதல் புதிய நூல்கள் படிப்படியாக வந்தபோதும், மாநிலப் பள்ளிகளுக்கு ஒரே பாடத்திட்டம் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.