இளைத்த பிறகு மிஞ்சும் தோல்

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் உடம்புக்குள் ஏதோ பிளாஸ்டிக் சாமானை வைத்துத் தைப்பது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், படித்தவர்தான், போன மாதம் அப்படித்தான் கேட்டார். அந்தச் சொல் நம் பிளாஸ்டிக் வாளிக்கு வெகுகாலம் முந்தியது. கிரேக்கத்தில் அதற்கு வனைவது, உருக்கொடுப்பது என்று பொருள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ‘ஆர் பிளாஸ்டிக்’ என்றால் ஓவியமும் களிமண் வேலையும். 1818-இல் பெர்லினில் கிராஃபே என்ற அறுவை மருத்துவர் மூக்கைத் திரும்ப உண்டாக்குவது பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். ஆக, குயவன் மண்ணைப் பிடிப்பதுபோல் சதையைப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கின் கதை எல்லாரும் எழுதியதுதான். சுசுருதரில் தொடங்கி, திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட வண்டிக்காரர் காவஸ்ஜி வரை, 1794-இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது வரை, பலமுறை படித்திருப்பீர்கள். நான் எழுத வந்தது வேறு. மிகவும் குண்டாக இருந்தவர் ஐம்பது அறுபது கிலோ இளைத்த பிறகு, கையிலும் மார்பிலும் முதுகிலும் தொங்கி நிற்கும் தோலைப் பற்றி. அதை வெட்டித் தைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி மருத்துவர்கள் எழுதியது, பாதி எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் எழுதியது.

முதலில் தோல் ஏன் மிஞ்சுகிறது என்று சொல்லிவிடுகிறேன். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், இழுத்து விட்டால் திரும்பச் சுருங்க வைப்பது எலாஸ்டின் என்ற இழை. பழைய உள்ளாடையின் எலாஸ்டிக் போல, வருடக்கணக்கில் இழுபட்டே இருந்தால் அந்த இழை செத்துப்போகும். கொழுப்பு கரையும், உறை கரையாது. உடற்பயிற்சி தசையை வளர்க்கும், தோலை வெட்டாது. எண்ணெய் தடவினாலும் அப்படியேதான். வயது ஏற ஏற இன்னும் மோசம். கை தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை ஒரு திரைச்சீலைபோல் ஆடும். மார்பு வற்றித் தொங்கும், ஆண்களுக்கும்தான். முதுகில் உள்ளாடைக் கோட்டுக்கு மேலும் கீழும் மடிப்பு மடிப்பாக விழும். மடிப்புக்குள் வியர்வை தேங்கிப் படை வரும், புண்ணாகும். நம் ஊர் மே மாதத்தில் அது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் மருத்துவர்கள் கையை வைத்தது வயிற்றில்தான். 1890-இல் பிரான்சில் தெமார், மார்க்ஸ் என்ற இருவர் வயிற்றிலிருந்து பெரிய அளவில் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். 1899-இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹோவர்ட் கெல்லி ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்த துண்டின் அளவைக் கச்சிதமாகக் குறித்து வைத்தார்: நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 31, தடிமன் 7, எடை 7,450 கிராம். குமாஸ்தா மனசுக்கு இப்படிப்பட்ட கணக்கு பிடிக்கும். ஏழரைக் கிலோ சுமையை ஒரு பெண் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று அந்த எண் சொல்கிறது. அது அழகுக்கா, தேவைக்கா என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கையை ஏன் அப்போது யாரும் தொடவில்லை? என் எண்ணம், அன்றைய சட்டைக்கை மணிக்கட்டு வரை இருந்தது. 1920களில் பாரிசில் பெண்கள் கையில்லாத கவுன் போடத் தொடங்கினார்கள். அதே நகரத்தில், அதே காலத்தில்தான் சுசான் நொயேல் என்ற பெண் மருத்துவர் வருகிறார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1878-இல் லான் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு, வால்-த-கிராஸ் ராணுவ மருத்துவமனையில் மொரஸ்தேன் என்ற அறுவை மருத்துவரிடம் இருந்து வேலை கற்றார். அந்தச் சிப்பாய்களை பிரெஞ்சில் ‘கேல் காசே’ என்பார்கள், உடைந்த மூஞ்சிகள் என்று அர்த்தம். நம் கடற்கரையில் நிற்கும் போர் நினைவுச்சின்னம், அந்தப் போருக்குப் புதுச்சேரியிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்காக எழுப்பியது. நொயேல் பார்த்தது திரும்பி வந்தவர்களை. போர் முடிந்ததும் அதே ஊசி, அதே நூல், அதே கையோடு பாரிஸ் பெண்களின் முகத்தைச் சீர்செய்தார். சிப்பாய்க்குச் செய்தபோது அது ‘ரெப்பராத்ரீஸ்’, சீரமைப்பு. பெண்ணுக்குச் செய்தபோது ‘எஸ்தெத்திக்’, அழகு. பெயர்தான் மாறியது.

1926-இல் நொயேல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், அழகு அறுவை மருத்துவமும் அதன் சமூகப் பங்கும். அவர் வாதம் எளிமையானது. வயதான முகம் என்று ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், அல்லது வேலைக்கே எடுப்பதில்லை. அவளுக்கு அந்த அறுவை பவுடர் பூசுவதுபோல் ஆடம்பரம் இல்லை, சோற்றுப் பிரச்சனை. காசில்லாதவர்களுக்கு இலவசமாகவும் செய்தார். இந்த வாதத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அதே பாரிசில் எதிர்க்கட்சியும் வலுத்தது. ஒரு பெண் தன் கால்களை இளைக்க வைக்கச் சொல்லி ஓர் அறுவை மருத்துவரிடம் போனார். கால் அழுகி, வெட்ட வேண்டியதாயிற்று. 1929-இல் சேன் நீதிமன்றம் மருத்துவர் 200,000 பிராங்க் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோயில்லாத உடம்பில் கத்தி வைக்கலாமா என்ற கேள்வி அதோடு பிரெஞ்சுச் சட்டப் புத்தகங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பல மருத்துவர்கள் அதன்பின் வெகுகாலம் அந்தப் பக்கமே போகவில்லை.

1930-வாக்கில் சிக்காகோவின் மாக்ஸ் தோரெக் மேல்கைத் தோலை வெட்டுவது பற்றி எழுதினார். ஆனால் கைக்கென்று ஒரு முறையை வகுத்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் அர்ஜென்டினாவின் கொர்ரேயா-இத்துர்ராஸ்பே, ஃபெர்னாண்டஸ் இருவரும். ஆண்டு 1954. புதுச்சேரிக்காரனுக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காக மறக்காது. நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய ஆண்டு அது. அதே 1954-இல்தான் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன் என்பவரும் சகாக்களும் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டு எடையைக் குறைக்கும் வழியைப் பற்றி எழுதினார்கள். கைத் தோலை வெட்டும் முறையும், பிற்காலத்தில் அந்தத் தோலை ஆயிரக்கணக்கில் தொங்கவிடப்போகும் முறையும் ஒரே ஆண்டில் ஏட்டுக்கு வந்தன. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த படி 1966. அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், இட்டோ இருவரும் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைத்தார்கள். அல்சருக்காக வயிற்றில் பாதியை எடுத்த பெண்கள் பிறகு எடை போடுவதே இல்லை என்பதைக் கவனித்ததுதான் மேசனுக்கு வழிகாட்டியது. 1994-இல் இதையே சிறு துளைகள் வழியே, கேமரா வைத்துச் செய்யலாம் என்று வந்தது. அதன்பிறகு இந்த ஆபரேஷன் உலகமெங்கும் பெருகியது, நம் சென்னை, கோயம்புத்தூர் உட்பட. நூற்றுக்கணக்கில் கிலோ சுமந்தவர்கள் இளைத்தார்கள், சர்க்கரை குறைந்தது, முழங்கால் வலி குறைந்தது. தோல் மட்டும் நின்றது.

இடையில் பாரிசில் இன்னொன்று நடந்தது. 1977-இல் இல்லூஸ் என்ற மருத்துவர், முதுகில் கொழுப்புக் கட்டி இருந்த ஒரு நடிகைக்குப் பெரிய தழும்பு வராமல் இருக்க, மழுங்கிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தார். லைப்போசக்‌ஷன் பரவியது அதிலிருந்து. ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் கொஞ்சம் முன்பே இந்த வழியில் போயிருந்தார்கள். ஆனால் பலர் தவறாக நினைப்பதுபோல் இது நம் விஷயத்துக்கு மருந்தில்லை. தலையணையிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டால் உறை இன்னும் தொளதொளக்கும். இன்றும் தோலை வெட்டுவதற்கு முன் அடியைத் தளர்த்துவதற்குத்தான் உறிஞ்சுகிறார்கள்.

தையலில் பெரிய திருப்பம் கொண்டுவந்தவர் கன்சாஸின் டெட் லாக்வுட். முன்பெல்லாம் கைத் தோலை வெட்டித் தைத்தால் தையல் கீழே நழுவி, தழும்பு விரல் அகலத்துக்கு விரிந்துவிடும். கையின் கனம் முழுவதும் தோலிலேயே தொங்கியது காரணம். தோலுக்கடியில், கொழுப்பின் நடுவே ஒரு மெல்லிய சவ்வு வலைபோல் ஓடுவதை 1991-இல் அவர் விளக்கினார். 1995-இல், மேல்கையில் அந்தச் சவ்வை அக்குளின் உறுதியான திசுவோடு சேர்த்துத் தைக்கும் முறையைச் சொன்னார். ரவிக்கை தைப்பவர்களுக்கு இது புரியும்: இழுப்பை லைனிங் துணியில் வாங்கிவிட்டால் மேல்துணி சுருங்காது, கிழியாது.

பிறகு பிட்ஸ்பர்க் நகரத்து மருத்துவர்கள் கை, பக்கவாட்டு மார்பு, முதுகு மடிப்பு எல்லாவற்றையும் ஒரே சட்டைபோல் பார்த்தார்கள். கையில் போடும் வெட்டு அக்குளைத் தாண்டி விலாப்பக்கம் இறங்கும், முதுகு மடிப்பை உள்ளாடைக் கோட்டில் எடுப்பார்கள். 2005-இல் உடம்பைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடும் அளவுகோலையும் அவர்கள் வெளியிட்டார்கள்.

இனி குமாஸ்தா பாதி. நான் கணக்குப் பிரிவில் இருந்த வருடங்களில் மெடிக்கல் ரீஇம்பர்ஸ்மென்ட் பில்கள் என் மேசை வழியாகத்தான் போயின. பில்லில் ‘காஸ்மெடிக்’ என்ற ஒரு சொல் இருந்தால் போதும், மேலே படிக்காமலே கோப்பு திரும்பும். இப்போதும் அப்படித்தான். ஜிஎஸ்டி விதியில் மருத்துவத்துக்கு வரி இல்லை. ஆனால் பிளாஸ்டிக் அறுவைக்கு வரி உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து ஆகியவற்றால் கெட்ட உடம்பைச் சீர்செய்தால் விலக்கு. இளைத்ததால் தொங்கும் தோல் இந்த நாலில் எதில் வரும்? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட பொது விலக்குகளிலும் இதே போக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்றால் கிடைக்கும். மற்றபடி உடனடி ஆபத்தை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அதே பட்டியலில், பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டியவருக்கு எடைகுறைப்பு ஆபரேஷனுக்கு வழி விட்டிருக்கிறார்கள். பிரான்சில் வயிற்றுத் தோல் விஷயத்தில், தொங்கும் மடிப்பு அடிவயிற்றின் எலும்பு மேட்டைக் கொஞ்சமாவது மூடினால், முன் அனுமதி வாங்கி அரசுக் காப்பீட்டில் பெறலாம். அங்கேயும் 2012-இலிருந்து காப்பீடு ஏற்காத அழகு அறுவைக்கு வரி உண்டு. இரண்டு ஊர்க் காகிதத்துக்கும் ஒரு வித்தியாசம். பிரெஞ்சுக்காரன் தோல் எதுவரை தொங்குகிறது என்று பார்க்கிறான். நம் விதி அது எப்படி வந்தது என்று கேட்கிறது. முதலாவதுதான் சரியான கேள்வி என்பது என் கட்சி.

என் தங்கை மகள் பள்ளி ஆசிரியை. 118 கிலோவிலிருந்து 66-க்கு வந்தாள். இளைப்பதற்கான ஆபரேஷனுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தந்தது. அடுத்த இரண்டு வருடம் சித்திரை வெயிலிலும் மணிக்கட்டு வரை ரவிக்கை. “போர்டுல எழுதக் கை தூக்கினா பசங்க பார்க்கிறாங்க மாமா. இப்பல்லாம் உட்கார்ந்தே பாடம் எடுக்கிறேன்” என்றாள். அக்குள் மடிப்பில் படை வந்து, களிம்பு போட்டு, போய்ப் போய் வந்தது. விண்ணப்பம் போட்டாள், அழகு சிகிச்சை என்று அதே நிறுவனம் திருப்பியது. நொயேல் இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதும் கை ஒரு ஆசிரியைக்கு என்ன என்று கேட்டிருப்பார். பி.எஃப். முன்பணம் எடுத்துச் செய்துகொண்டாள். பில்லின் கடைசியில் 18 சதவீதம் வரி.

போக நினைப்பவர்களுக்காக நான் பார்த்ததையும் சொல்கிறேன். எடை குறைந்து, பிறகு பல மாதம் ஒரே இடத்தில் நிலைத்தால்தான் மருத்துவர் ஒப்புக்கொள்கிறார். வயிற்றைச் சிறிதாக்கியவர்களுக்குப் புரதம், இரும்புச் சத்து, பி12 குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் வெட்டினால் தையல் ஆறாது. புகைப்பவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அன்று மாலையே நடக்க வைத்தார்கள். நீர் வடியக் குழாய், பிறகு வாரக்கணக்கில் இறுக்கமான கையுறை போன்ற துணி. முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஓர் இடம் அவளுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது, அந்த வழியாகப் போகும் மெல்லிய நரம்பு இந்த ஆபரேஷனில் சில சமயம் அடிபடும். தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை நீளக் கோடு. வெள்ளைக்காரர் தோலில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடுவதாகப் படத்தில் காட்டுகிறார்கள். நம் தோலில் கறுத்து நிற்பதும், சிலருக்குத் தடித்துப்போவதும் உண்டு. அவளுக்குக் கறுத்துத்தான் நிற்கிறது. போன பொங்கலுக்குக் குட்டைக் கை ரவிக்கையில் வந்திருந்தாள்.